நாலு மணிக்குக் காய்ச்சல் வரும் பெட்டி

புதிதாகக் கடைக் கவுண்டருக்கு வந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதல் நான் இங்கே இருக்க மாட்டேன். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் நம் பழுதுபார்க்கும் கூடத்துக்கு மாறிப் போகிறேன். முப்பது வயதுகூட ஆகாத ஒருவன், ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர் மாதிரி உட்கார்ந்து எழுதுகிறானே என்று சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

பில் போடுவது, வாரண்டி அட்டையில் முத்திரை குத்துவது, எந்தக் கம்பி எதில் மாட்டும் என்பது எல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தப் பள்ளி விடுமுறையில் அதை உங்களிடம் தினமும் யாராவது கேட்பார்கள்: "தம்பி, இந்தச் சின்னப் பெட்டி, அந்தப் பெரிய கன்சோலுக்கு ஈடு கொடுக்குமா?"

இதற்கு நான் ஒருமுறை படு தைரியமாகப் பதில் சொன்னேன். அந்தத் தைரியம் கடையின் ஒரு விடுமுறைக் காலத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

நம் கடையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் இப்படி ஒரு கடை வேறு இருக்காது. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் சேலை, வலப்பக்கம் கேம். முதலாளியின் குடும்பம் தலைமுறையாகத் துணி விற்றது. இவர் பொறுப்புக்கு வந்ததும் கடையைப் பாதியாக வெட்டி வலப்பக்கத்தில் கன்சோல்களை அடுக்கினார். மனைவி சேலை விரித்துப் பார்க்கிற நேரத்தில் கணவன்மார் இந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது.

சோப்பு டப்பா அளவில் அந்தச் சின்னப் பெட்டி வந்தபோது முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணியா இருந்தா விரலால ஒரு தடவ நீவிப் பார்த்துட்டு தரத்தச் சொல்லிடுவேன். இத எங்க நீவுறது?"

உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கன்சோல் என்றால் விளையாட்டு அதற்குள்ளேயே ஓடும். இந்தப் பெட்டியில் அப்படி இல்லை. விளையாட்டு எங்கோ தொலைவில், வேறொரு நாட்டில்கூட இருக்கும் பெரிய கணினிகளில் ஓடுகிறது. அங்கிருந்து படம் இணையம் வழியாக வருகிறது. நம் கட்டை விரல் அழுத்துவது அதே வழியாகத் திரும்பிப் போகிறது. அதனால்தான் பெட்டி அவ்வளவு சின்னது, விலையும் அவ்வளவு குறைவு.

எனக்கு அதைப் பார்த்த நாளிலேயே பிடித்துவிட்டது. காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் வளர்ந்தது கம்போங் மேடான் அடுக்குமாடியில். எங்கள் மாடியில் ஒரே ஒரு வீட்டில்தான் கன்சோல் இருந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வரிசையில் நிற்போம். என் முறை வரும்போது சரியாக அவர்கள் வீட்டில் சோறு போட்டுவிடுவார்கள். அப்படி வளர்ந்தவன் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்தால் என்ன தோன்றும்? எங்களை மாதிரி வீடுகளுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது என்று தோன்றியது.

ஒரு மாதத்தில் பதினோரு பெட்டி விற்றேன். வருகிறவர்களிடம் கடைப் பெட்டியை ஓட்டிக் காட்டுவேன். கடையின் இணைய லைன் நல்ல லைன், கம்பியும் நேராகப் பெட்டிக்குள் போகும். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். "கன்சோல் மாதிரியேதான் அண்ணே. வித்தியாசமே தெரியாது" என்பேன். எல்லோருக்கும் அதே வாக்கியம்தான்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆண்டு இறுதி விடுமுறைக்கான கன்சோல் ஆர்டரை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டும். குறைக்கலாம். ஆனால் குறைத்தால் அந்த ஒதுக்கீடு வேறு கடைக்குப் போய்விடும், திரும்ப வராது. கன்சோலைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் சின்னப் பெட்டியை வாங்கி அடுக்கலாமா என்பது அவர் யோசனை.

"நீ படிச்சவன். சுத்தி வளைக்காம சொல்லு. அது கன்சோலோட போட்டி போடுமா?"

"போடும் பாஸ்."

"அப்ப பாதிய வெட்டிடவா?"

"வெட்டிடலாம்."

"வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி சப்ளையருக்குப் போன் போட்டுடுவேன். அதுக்குள்ள ஏதாச்சும் இருந்தா வாயத் திறந்துடு."

புதன்கிழமை மனோ அண்ணே வந்தார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி, பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவி லெட்சுமி அக்கா மருத்துவமனையில் தாதி. இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது பெரும்பாலும் மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான். அந்த நேரத்தில் காற்பந்து விளையாடத்தான் என்னிடம் பெட்டி வாங்கினார்கள்.

"தம்பி, உங்க பெட்டிக்கு நாலு மணி ஆனா காய்ச்சல் வருது."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"காலைல போட்டா ஜோரா ஓடுது. நாலு, நாலரைக்குச் செத்துடுது. ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. வாரத்துல மூணு நாள், நாலு நாள்."

"லைன் எப்படி?"

"லைன் சூப்பர்லா. போன மாசந்தான் புதுசு போட்டோம்."

கடையில் மாட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வேண்டுமென்றே நாலரை மணி வரை ஓட்டிக் காட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் அன்றைக்கு நல்ல வெயில்.

"பாருங்க அண்ணே, பெட்டியில குறை இல்ல."

"அப்ப எங்கிட்டயா குறை?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சூடானது. மறுநாள் எனக்கு விடுப்பு. வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னது சரி என்று வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்கத்தான் போனேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கெல்லாம் கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் போய்ச் சேர்ந்தேன். வரிசை வீடுகள். லைனை அளந்து பார்த்தேன், நம் கடை லைனுக்குக் குறைந்ததில்லை. அக்கா ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"வா, ஒரு கை பார்க்கலாம். இவரோட ஆடி ஆடி அலுத்துப் போச்சு."

"ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப் போச்சுன்னு சொல்றா தம்பி. நம்பாத" என்றார் அண்ணே.

நம்பியிருக்கலாம். கால் மணி நேரத்தில் அக்கா எனக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். ஆனால் நான் தோற்றதைப் பற்றிக் கவலைப்படவில்லை. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. விரல் அழுத்தினால் அங்கே கால் உதைத்தது. சந்தோஷம் தாங்காமல் பாதி ஆட்டத்திலேயே முதலாளிக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: "பாஸ், வீட்டுக்கே வந்து பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்ல. வெட்டிடலாம்."

உடனே பதில் வந்தது. "ஓகேலா. அப்ப ஏன் வெள்ளி வரைக்கும்? இப்பவே சொல்லிடுறேன்."

போனைப் பையில் போட்டேன். பந்து என் ஆளின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். உதைக்க விரலை வைக்கிறேன், அக்கா கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்து போனார். டிவிக்குப் பின்னால் குனிந்தார். படம் அப்படியே நின்றது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா! நான் கோல் போடப் போறேன்!"

"இடி இடிக்குது தம்பி."

"எனக்குக் கேக்கலயே?"

"எனக்குக் கேட்டுச்சு."

அவர் கையில் மோடத்தின் பிளக் இருந்தது. அரை நிமிடம் கழித்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், "லெட்சுமி, மோடம் புடுங்கியாச்சா?" என்றது. "ஆச்சு ஆச்சு" என்று இவர் பதில் கொடுத்தார்.

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் திரும்பினால் மேகம் கூடும், நாலு மணிக்கு இடி. பழைய செம்புக் கம்பி லைன் காலத்தில் எத்தனை மோடம் கருகியது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். எங்கள் அம்மாவும் இடி கேட்டால் முதலில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க மாட்டார், மோடத்தைத்தான் பிடுங்குவார். இவ்வளவும் தெரிந்த நான், பதினோரு பேரில் ஒருவரிடம்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா, மோடத்தப் புடுங்கினா பெட்டி ஓடாதுக்கா."

"ஏன் ஓடாது? கேம் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"இல்லக்கா..."

அண்ணே நிமிர்ந்து உட்கார்ந்தார். "கன்சோல் மாதிரியேன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? எங்க அண்ணன் வீட்டுக் கன்சோல் மோடம் இல்லாம ஓடுதே."

அவர்கள் தப்பாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்கள். வீட்டில் முதல் நாள் பெட்டி வைஃபை கேட்டபோதும், புதுப் போன் வாங்கினால் கேட்கிற மாதிரி ஒரு தடவைக்குத்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.

"அப்ப பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணே. வர்ற படத்த வாங்கி டிவில காட்டும், அவ்வளவுதான்."

என் போன் டேட்டாவில் ஓட்டிக் காட்டினேன். மழையில் அதுவும் தடுமாறியது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அண்ணே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பந்து எங்க தம்பி?" என்றார்.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். பிளக் இன்னும் கையில்தான் இருந்தது.

"இப்ப புது லைன்தானே. புடுங்காம விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, நான் மாட்டிடுறேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பெட்டிக்குக் காய்ச்சல் போயிருக்கும், முதலாளியிடம் நான் சொன்ன வார்த்தையும் நிலைத்திருக்கும். புது லைன் கண்ணாடி இழை, அதில் மின்னல் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மோடத்துக்கு மின்சாரம் சுவரிலிருந்துதானே வருகிறது? அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியே அடுத்த இடி விழுந்தது.

"சொல்ல முடியாதுக்கா. எனக்குத் தெரியல."

இந்த வாக்கியம் என் வாயில் எளிதில் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா லோரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். தண்ணீர் பில்லிலிருந்து மருத்துவமனைக் கடிதம் வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். சின்ன வயதிலிருந்தே எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்லிப் பழகிவிட்டேன். பாதி நேரம் ஊகம்தான். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா பிளக்கைக் கீழே போட்டார். "சரி, தெரியலன்னா புடுங்கியே கெடக்கட்டும்."

நான் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். முதலாளியின் எண் பிஸி. மறுபடியும் அடித்தேன், பிஸி. சப்ளையரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஐந்தாவது தடவை எடுத்தார்.

"சேலைக்காரனோட பேசிக்கிட்டிருந்தேன். என்னடா, எத்தன மிஸ்டு கால்?"

"பாஸ், சப்ளையருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இப்பதான் நம்பரத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"சொல்லாதீங்க பாஸ். வெட்டாதீங்க."

"கால் மணி நேரத்துக்கு முன்னாடிதான வெட்டுன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். போட்டி போடுமான்னு எனக்குத் தெரியல பாஸ். பதினொண்ணு வித்தேன், ஒரு வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். அந்த ஒரு வீட்டுலயே நின்னு போச்சு."

இங்கே ஓட்டில் மழை கொட்டியது.

"திங்கக்கிழம படிச்சவனா இருந்த. இன்னிக்குத் தெரியலங்கிற. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"பன்னெண்டுக்குள்ள மிச்சப் பத்துப் பேரையும் கேட்டுட்டு வரேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்தபோது அண்ணே பக்கத்து முச்சந்திக் கடையிலிருந்து சூடாகப் பொரித்த வாழைப்பழம், பிசாங் கோரெங், வாங்கி வந்து, தட்டில் போட்டு வைத்திருந்தார். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தார். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பழைய கன்சோல் ஒன்று தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேணாம். இதுவே இருக்கட்டும்."

"இவருக்கு என்ன, நல்லதுதான்!" என்றார் அக்கா. "தோக்கப் போற நேரம் பார்த்துத்தான் இவருக்கு மழ வருது. மூணுக்கு ஒண்ணுல நிப்பேன், இடி இடிக்கும். எனக்குக் கன்சோல்தான் வேணும்."

"அண்ணே, பெட்டிக்குள்ள கேம் இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்கதானே?"

அவர் பழத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "வாங்கியிருப்பேன்லா. ஆனா ரயிலேறி வந்து உங்கிட்ட அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்."

அதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்குக் கேட்டதில் எனக்கு அதிகமாக வலித்தது அதுதான்.

திரும்பும் ரயிலிலேயே போன் போட ஆரம்பித்தேன். மீதியை வெள்ளிக்கிழமை காலையில் முடித்தேன். ஒருவர்கூட விடாமல் பத்துப் பேரையும் பிடித்தேன். "எப்படி இருக்கு, நல்லா ஓடுதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். எந்த நேரத்தில் விளையாடுகிறீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் லைனில் இருக்கிறார்கள், என்ன விளையாட்டு, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் நன்றாகத் திட்டினார்கள். அதில் ஒரு ஆன்டி, "மகள் ஆன்லைன்ல படிக்க உக்காந்தா உன் பெட்டி படுத்துக்குது. ஒரு மாசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார். இன்னொருவர் சண்டை விளையாட்டுக்காரர். கை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் ஒரு இமைப்பு இடைவெளி இருக்கிறதாம், அதற்குள் எதிராளி அவரை முடித்துவிடுகிறானாம்.

ஆனால் ஆறு பேர் பெட்டியை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார்கள். அவர்கள் யார் தெரியுமா? கன்சோல் வாங்க ஒருபோதும் நினைக்காதவர்கள். இங்கே பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற ஒரு பெண், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறை மாறுகிறவர். பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம். இன்னொருவர் பொறுமையாக யோசித்து ஆடும் விளையாட்டு மட்டும்தான் ஆடுவார். இதற்கு முன்னால் எதில் விளையாடினீர்கள் என்று கேட்டால், ஆறு பேரும் சொன்னது ஒன்றே: போனில்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முதலாளி முன்னால் போய் நின்றேன். தொழுகைக்குப் போக உடை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார்.

"என்ன, போடுமா போடாதா?"

"கன்சோல் வேணும்னு வர்றவங்களுக்கு அது ஈடாகாது பாஸ். போன்ல ஆடுறவங்களுக்கு அது பெரிய விஷயம். ரெண்டும் வேற வேற ஆளுங்க. கன்சோல வெட்டாதீங்க. பெட்டிய கொஞ்சமா வாங்குங்க."

"ஒரு நா முழுக்கப் போன் போட்டுட்டு வந்து இதச் சொல்ற." போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, சப்ளையரிடம் கன்சோலை முழு ஆர்டராகவே உறுதி செய்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுவும் தப்பாப் போனா?"

"போனா எம்மேலதான் பாஸ். ஆனா இந்தத் தடவ கேட்டுட்டுச் சொல்றேன்."

"பெட்டிய எங்க வைக்கிறது?"

"கன்சோலுக்குப் பக்கத்துல மட்டும் வேணாம். பக்கத்துல வச்சா எல்லாரும் ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பாங்க. போன் கவர் மாட்டியிருக்கிற தூணுக்கிட்ட வச்சிடலாம்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே, "நான் வர்றதுக்குள்ள மாத்தி வை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த விடுமுறையில் கன்சோல் எல்லாம் போனது. பெட்டிகள் மெதுவாகத்தான் போயின, ஆனால் திரும்பி வரவில்லை. லெட்சுமி அக்கா ஒரு சனிக்கிழமை தனியாக வந்து, மனோ அண்ணனுக்குத் தெரியாமல் பழைய கன்சோல் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இப்போது மழை பெய்தாலும் அண்ணே தோற்கிறாராம்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். அந்த வெள்ளிக்கிழமை நான் பெட்டிகளைத் தூணுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதே ஒருவர் வந்து நின்றார். மனைவி இடப்பக்கம் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, "இது எப்படி பாஸ், நல்லா ஓடுமா?" என்றார்.

"எங்க வீடு அண்ணே?"

"பூச்சோங்."

"இடி இடிச்சா வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கேம் வாங்க வந்தா இடியப் பத்திக் கேக்குறீங்க?"

நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டேன். சேலை பார்த்து முடிக்க எப்படியும் நேரமாகும்.